ஒப்படையை யார் எழுதுவது? தரம் 4 பிள்ளைக்குத் தேடவும் எழுதவும் பழக்குவது பற்றி

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கத்தில் இருக்கும் ஒரு தாய். மகன் தரம் 4. பாடசாலையில் அடிக்கடி ஒப்படை கொடுக்கிறார்கள். தலைப்பு "பனை", "நீர்", "எமது சூழல்" என்று வரும். அம்மா போனில் தேடி வாசிக்க, மகன் கேட்டுக் கேட்டு எழுதுகிறான். கட்டுரை என்றால் ரியூசனில் தந்ததைப் பாடமாக்கி அப்படியே எழுதிவிடுவான். "சொந்தமாக நாலு வரி எழுது என்றால் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருக்கிறான். தேடி வாசிக்கவும் தானாக எழுதவும் இவனுக்கு எப்படிப் பழக்குவது? இந்த வயதுக்கு அது கூடுமா?" என்று கேட்கிறார்.

கூடும். ஆரம்பப் பிரிவில் நீண்ட காலம் படிப்பித்தவள் நான். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறை பிள்ளையில் இல்லை, தலைப்பில் இருக்கிறது. "பனை" என்று மொட்டையாக ஒரு தலைப்பைத் தந்தால் நானும் எங்கேயாவது பார்த்துத்தான் எழுதுவேன். பனையின் உயரம், ஆயுள், பயன்கள் எல்லாவற்றையும் ஏற்கெனவே யாரோ வடிவாக எழுதி வைத்துவிட்டார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை அதைவிட நன்றாக எழுதப் போவதில்லை. அது அவனுக்கும் தெரியும். ஆகவே பார்த்து எழுதுகிறான். அதில் சோம்பலைவிடப் புத்திசாலித்தனம்தான் கூட.

அதே பனையை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "எங்கள் வளவில் விழும் பனம்பழங்கள் எல்லாம் எங்கே போகின்றன?" இதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்தத் தளத்திலும் இல்லை. ஆடி, ஆவணியில் பழம் விழத் தொடங்கியதும் அவன் காலையில் எழும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். சிலதை மாடு சூப்பியிருக்கும். சிலதை அம்மம்மா பணியாரத்துக்கு எடுத்திருப்பார். கொட்டைகள் வேலி ஓரம் குவிந்து பாத்திக்காகக் காத்துக் கிடக்கும். ஒரு கிழமை பார்த்து எழுதினால் அவனிடம் வேறு யாரிடமும் இல்லாத செய்தி ஒன்று இருக்கும். அதைச் சொல்ல அவனுக்கு ஆசையும் வரும். எழுதப் பழக்குவது, தேடப் பழக்குவது என்று இரண்டு வேலை இல்லை. சொல்ல ஒன்று இருந்தால் எழுத்து வரும், தேடினால்தான் சொல்ல ஒன்று கிடைக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. இப்போது போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் "பனை பற்றி இரண்டு பக்கம்" என்றால் ஒரு நிமிடத்துக்குள் தந்துவிடும். உங்கள் வளவில் நேற்று எத்தனை பழம் விழுந்தது என்று அதற்குத் தெரியாது.

நல்ல கேள்விக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். பிள்ளை தன் கண்ணால் பார்த்தோ, அளந்தோ, ஆட்களிடம் கேட்டோ விடையின் ஒரு பகுதியையாவது தானே பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு கிழமைக்குள் முடிய வேண்டும். உங்களுக்கும் விடை தெரியாமல் இருந்தால் மிக நல்லது. அம்மாவுக்குத் தெரிந்த விடையைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைக்கு என்ன உற்சாகம்? அம்மா முகத்தைப் பார்த்தே விடையை வாங்கிவிடுவான்.

ஒரு உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன். ஒன்றிரண்டு கிழமை என்ற அளவுக்கு இது மட்டும் விலக்கு, சில மாதம் எடுக்கும். "நீர்" என்ற தலைப்பு வந்தால் எங்கள் குடாநாட்டில் கிணற்றைவிட நல்ல பாடம் கிடையாது. இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறும் மழைக்கு மட்டும்தான். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளிலும் துளைகளிலும் இறங்கித் தங்குகிறது, அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். இந்தச் செய்தியைப் புத்தகத்தில் முதலில் வாசித்தால் பிள்ளைக்கு அது இன்னொரு பந்தி, அவ்வளவுதான். கேள்வியை முதலில் வையுங்கள்: "எங்கள் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது? மழை பெய்தால் எவ்வளவு ஏறும்?"

ஒரு கயிற்றில் சிறு பாரம் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். புரட்டாதியில் தொடங்கி, கிழமைக்கு ஒரு நாள், சனிக்கிழமை காலையில் என்று வைத்துக்கொள்ளலாம். கயிற்றை இறக்குவது பெரியவர் வேலை. பிள்ளை கட்டுக்குத் தள்ளி நின்று முடிச்சை எண்ணி எழுதட்டும். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம், கட்டில்லாத தோட்டக் கிணறு என்றால் அந்தக் கேள்வியையே எடுக்க வேண்டாம். கொப்பியில் மூன்று நிரல் போதும்: திகதி, தண்ணீர் எத்தனை அடியில், அந்தக் கிழமை மழையா வெயிலா. எந்நேரமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும், மோட்டர் போட்டுத் தோட்டத்துக்கு இறைத்த பிறகு அளந்தால் கணக்குப் பிழைக்கும். இதை நீங்கள் சொல்லாதீர்கள். ஒரு கிழமை எண் குழம்பி வரும்போது "ஏன் இப்படி?" என்று கேட்டு விடுங்கள், அவனே கண்டுபிடிப்பான்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை இறங்கும்போது எண்கள் மாறத் தொடங்கும். அப்போது வரும் கேள்விகள் நீங்கள் கற்பித்து வருபவை அல்ல. மழை நேற்றுப் பெய்தது, தண்ணீர் ஏன் இன்றே ஏறவில்லை? கடற்கரைப் பக்கத்து மாமா வீட்டுக் கிணறு ஏன் உவர்க்கிறது? புத்தகத்தைத் திறக்க வேண்டிய நேரம் இதுதான். நன்னீர் பாரம் குறைந்தது, அதனால் உள்ளே புகுந்திருக்கும் உவர்நீரின் மேல் அது தங்கியிருக்கிறது, மிதமிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும் என்று வாசிக்கும்போது அது அவனுடைய கேள்விக்கு விடை. ஒரு விடுமுறையில் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேள்விதான். வருகிற கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். விடை கிடைக்காத கேள்வியும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

இதை வகுப்பில் ஒழுங்காகச் செய்ய ஒரு பழைய வழி உண்டு. டொனா ஓகிள் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் முன்வைத்தது, உலகமெங்கும் ஆசிரியர்கள் பாவிக்கிறார்கள். கரும்பலகையை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: எங்களுக்குத் தெரிந்தவை, தெரிய விரும்புபவை, தெரிந்துகொண்டவை. முதல் நிரலில் பிழையான செய்தி வந்தாலும் அழிக்க வேண்டாம். "கிணற்றுக்கு அடியில் கடல் இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அப்படியே எழுதுங்கள். கடைசியில் அதைத் திரும்பப் பார்க்கும்போது அது பாதி சரி என்று தெரிய வரும். எங்கள் ரீச்சர்மார் பலர் முதல் நிரலிலேயே திருத்தத் தொடங்கிவிடுவார்கள். அதோடு வகுப்பு வாயை மூடிவிடும்.

அடுத்தது ஆட்களிடம் கேட்பது. சிறு பிள்ளைக்கு மிக நல்ல நூலகம் அம்மம்மாவும் அப்பப்பாவும்தான். ஆனால் கேட்கவும் பழக்க வேண்டும். பிள்ளைகள் இயல்பாகவே "ஓம்", "இல்லை" என்று முடியும் கேள்வியைத்தான் கேட்பார்கள். "அம்மம்மா, ஒடியல் செய்வது கஷ்டமா?" "ஓம்." முடிந்தது. "முதல் என்ன செய்வீங்கள்? பிறகு?" என்று கேட்டால் கதை வரும். "பிறகு?" என்ற ஒரு சொல்லை மட்டும் பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. போக முன்னர் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போக வேண்டும். சொன்னவர் யார், எந்தத் திகதி என்பதைத் தாளின் மேல் எழுத வேண்டும். "நீங்கள் சொல்வதை எழுதலாமா?" என்று முதலிலேயே கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைதானே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

ஒடியலை எத்தனை நாள் காயவிட வேண்டும் என்று அம்மம்மா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு ஆச்சி வேறொன்று சொல்வார். பிள்ளை குழம்பிப்போய் உங்களிடம் வருவான், "எது சரி?" என்று. தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஆராய்ச்சி என்று பெரியவர்கள் சொல்வது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இரண்டையும் எழுதட்டும், யார் எதைச் சொன்னார் என்று எழுதட்டும், ஏன் வித்தியாசம் வந்திருக்கும் என்று ஒரு வரி யோசித்து எழுதட்டும். வெயில் வேறாக இருந்திருக்கலாம், கிழங்கு மொத்தமாக இருந்திருக்கலாம்.

புத்தகங்களிலும் இப்படித்தான். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த திகதியைச் சில இடங்களில் 1981 மே 31 என்றும் சில இடங்களில் யூன் 1 என்றும் பார்ப்பீர்கள். எரிந்த நூல்களின் தொகையை ஒருவர் 95,000 என்பார், இன்னொருவர் 97,000 என்பார். தரம் 5 பிள்ளைகளிடம் இரண்டையும் கொடுத்துப் பேச விடுங்கள். இரவில் வைத்த தீ விடியும்போது திகதி மாறியிருக்கும் என்று எவராவது ஒரு பிள்ளை சொல்லும். தொகைக்கு முன்னால் "ஏறத்தாழ" என்ற சொல்லை ஏன் போடுகிறார்கள் என்பதும் அப்போது விளங்கும். அச்சில் இருப்பதெல்லாம் ஒன்றுபோல இருக்காது என்று பத்து வயதில் தெரிந்துகொண்ட பிள்ளையை வட்சப்பில் வருவதைக் காட்டி ஏமாற்றுவது கடினம்.

முதியவர்களிடம் கேட்கச் சொல்லும்போது எங்கள் ஊருக்கென்று ஒரு கவனம் தேவை. "இந்த வீடு ஏன் இடிஞ்சு கிடக்கு?", "எங்கட பழைய படங்கள் ஏன் இல்லை?" என்று பிள்ளை சாதாரணமாகக் கேட்டுவிடும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கையில் கிடைத்ததோடு வெளிக்கிட்டவர்கள், பிறகு பிள்ளைகளை இழந்தவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தக் கதைகள் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒப்படைக்காகக் கிண்டக்கூடாது என்றுதான் சொல்கிறேன். சமையல், விளையாட்டு, தோட்டம், பழைய கடை, பட்டம் கட்டுவது என்று தொடங்குங்கள். அவர்களாகச் சொல்ல விரும்பினால் சொல்வார்கள். அப்போது பென்சிலை வைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

இனி வாசித்துக் குறிப்பெடுப்பது. உங்கள் வீட்டில் நடக்கும் பார்த்தெழுதலை நிறுத்துவது இந்த ஒரு பழக்கம்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். "பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடினால் அவை முளைத்து, நிலத்துக்குள் கிழங்கு விடும். கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல்." இதைப் பிள்ளை இரண்டு தரம் வாசிக்கட்டும். பிறகு ஒரு சிறு துண்டுத் தாள் கொடுங்கள், பெரிய தாள் கொடுத்தால் முழு வசனத்தையும் எழுதிவிடுவான். வசனம் எழுதக்கூடாது, சொல் மட்டும். அவன் துண்டு இப்படி வரும்: பாத்தி, மண், முளை, கிழங்கு. அவித்தது புழுக்கொடியல். அவிக்காதது ஒடியல். அடியில் புத்தகத்தின் பெயரும் பக்கமும்.

இப்போது புத்தகத்தை மூடுங்கள். மூடி, தூக்கி வையுங்கள். துண்டைப் பார்த்து உங்களுக்கு வாயால் சொல்லட்டும். வாயால் சொல்லும்போது யாரும் புத்தகத் தமிழில் சொல்ல மாட்டார்கள், தன் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். "எங்கட கூழுக்குப் போடுற மா அவிக்காததில செய்யிறது, அப்பிடித்தானே அம்மா?" அதுதான் அவன் எழுத வேண்டிய வசனம். "ஓம், அதையே எழுது" என்று சொல்லுங்கள். சொன்ன சூட்டோடு எழுத வேண்டும், சாப்பிட்டு வந்து எழுதலாம் என்றால் போய்விடும். ஒரு பிள்ளை புத்தகத்தில் இருந்த வசனத்தையே விரும்பினால், அதை மேற்கோள் குறிக்குள் போட்டு எங்கே எடுத்தது என்று எழுதக் காட்டிக்கொடுங்கள். தரம் 4க்கு அது கனமான காரியம் இல்லை.

எங்கே தேடுவது? பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு மாதம் ஒரு தரமாவது கூட்டிக்கொண்டு போங்கள். ஊர்ச் சனசமூக நிலையத்தில் பத்திரிகைகள் இருக்கும். இலங்கைத் தமிழ் நூல்களையும் பழைய இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்க்கும் "நூலகம்" என்ற இணையத்தளம் 2005இலிருந்து இயங்குகிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, அதைத் தொடக்கி வளர்த்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். இந்த இரண்டையும் பிள்ளை தனியாகத் தேட விட வேண்டாம், பக்கத்தில் இருங்கள். தேடும் சொல்லை அவன் சொல்லட்டும், நீங்கள் தட்டுங்கள். "பனை" என்று போட்டுப் பார், பிறகு "பனங்கிழங்கு" என்று போட்டுப் பார், எதில் நமக்கு வேண்டியது கெதியாக வந்தது? சொல்லைக் குறுக்கக் குறுக்க விடை கிட்ட வருகிறது என்பது ஒரு மாலையிலேயே விளங்கிவிடும்.

புத்தகத்தில் தேடுவதற்கு ஒரு சின்னத் திறமை வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் இல்லை. க, ங, ச, ஞ என்று பாடிவிடுவார்கள், ஆனால் அகராதியில் "மரம்" முன்னுக்கு வருமா "பழம்" முன்னுக்கு வருமா என்றால் திகைப்பார்கள். பாட்டாக இருக்கும் வரிசை ஒரு கருவி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வீட்டில் உள்ளவர்களின் பெயர்களைத் துண்டுத் தாள்களில் எழுதி அகர வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள், வகுப்பில் என்றால் வருகை இடாப்புப் பெயர்கள். விளையாட்டாக நாலு நாள் செய்தால் போதும். பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கத்தைத் திறக்கும் போட்டியும் வைக்கலாம்.

எழுத்துக்கு வருவோம். எங்கள் பிள்ளைகள் பென்சிலைக் கடிப்பதற்கு முக்கிய காரணம் மொழி. வீட்டில் "போனனான்", "சொன்னவ", "வந்தவை", "வரேக்க", "தெரியேல்லை" என்று கதைக்கும் பிள்ளை கொப்பியைத் திறந்ததும் "போனேன்", "சொன்னார்", "வந்தார்கள்", "வரும்போது", "தெரியவில்லை" என்று மாற வேண்டும். என்ன சொல்வது என்றும் யோசித்து, எந்தத் தமிழில் சொல்வது என்றும் ஒரே நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்கே இது சிரமம். பாடமாக்கிய கட்டுரையில் இந்தச் சிக்கல் இல்லை, அதனால்தான் அது அவர்களுக்குப் பிடிக்கிறது.

இரண்டையும் பிரித்துவிடுங்கள். முதல் தரம் வாயில் வருவதை அப்படியே எழுதட்டும்: "நான் அம்மம்மாட்டப் போனனான். அவ கிழங்கு கிழிச்சுக்கொண்டு இருந்தவ. இப்ப காயாது, மப்பாக் கிடக்கு எண்டு சொன்னவ." இதைப் பார்த்துச் சிவப்புப் பேனையைத் தூக்காதீர்கள். இதில் ஆள் இருக்கிறார், வேலை இருக்கிறது, வானம் இருக்கிறது. அடுத்த நாள் அவனோடு இருந்து மாற்றுங்கள்: "நான் அம்மம்மாவிடம் போனேன். அவர் கிழங்கு கிழித்துக்கொண்டிருந்தார். 'இப்ப காயாது, மப்பாக் கிடக்கு' என்றார்." அம்மம்மா சொன்னதை மட்டும் அவர் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் விட்டேன், பார்த்தீர்களா? எது எழுத்து, எது பேச்சு என்று இலக்கணம் சொல்லி விளங்கப்படுத்துவதைவிட இந்த ஒரு வரி நன்றாக விளங்கப்படுத்தும். அவன் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும் சொற்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரலாக எழுதி வரட்டும். சில மாதங்களில் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே மாற்றுவான்.

எழுத்துப்பிழை திருத்துவதில் பெற்றோருக்கு ஒரு அவசரம் இருக்கிறது. ழகரத்தையும் ளகரத்தையும் எங்களில் பெரும்பாலானோர் ஒரே மாதிரித்தான் உச்சரிக்கிறோம், பிள்ளை எதைக் கேட்டு எழுதும்? பழக்கத்தில்தான் வரும். ஒரு கிழமைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் பாருங்கள். இந்தக் கிழமை ழ, ள. ரகர றகரம் பிறகு. எல்லாவற்றையும் ஒரே நாளில் சுழித்தால் அடுத்த முறை தனக்கு எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே போட்டு எழுதுவான், கட்டுரை சிறுத்துப்போகும். "கறுத்தக்கொழும்பான்" என்று எழுதப் பயந்து "மாம்பழம்" என்று எழுதும் பிள்ளையை எனக்குத் தெரியும்.

அப்புறம் அந்தத் தொடக்க வரிகள். "நான் இன்று பனை பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்" என்று தொடங்கி "நன்றி கூறி விடைபெறுகின்றேன்" என்று முடிவது. அது மேடைப் பேச்சின் வழக்கம், கட்டுரைக்குள் எப்படி வந்து குடியேறியது என்று தெரியவில்லை, எடுபடவே மாட்டேன் என்கிறது. முதல் வரியை எழுதாமல் இரண்டாவது வரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அல்லது அவன் கண்ட மிக வியப்பான விஷயம் எது என்று கேட்டு, அதையே முதல் வரியாகப் போடச் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம் எழுத வேண்டும் என்றும் சிலர் கேட்பார்கள். அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் ஆய்வுப் பிரிவு 2012இல் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டி, முதலாம் வகுப்பிலிருந்தே நாளுக்கு ஒரு மணித்தியாலம் எழுத்துக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதில் பாதி எழுதும் முறைகளைக் கற்பிக்க, பாதி எழுதிப் பழக. மற்றப் பாடங்களில் எழுதுவதும் இந்தக் கணக்குக்குள் வரலாம். எங்கள் நேரசூசியில் அது நடக்காது, வீட்டிலும் வேண்டாம். பின்னேரம் பதினைந்து நிமிடம், நாள் தவறாமல், போதும். அன்றைக்குக் கண்ட ஒன்றைப் பற்றி மூன்று வரி என்றாலும் சரி.

வயதுக்கேற்ப எதிர்பார்ப்பு மாறும். தரம் 1, 2 பிள்ளை படம் கீறிப் பெயர் எழுதினால் அது ஆராய்ச்சிதான், செண்பகத்தின் கண் சிவப்பு என்று பார்த்து அந்த நிறத்தைத் தீட்டிய பிள்ளை ஒரு உண்மையைப் பதிவு செய்திருக்கிறது. தரம் 3இல் ஐந்தாறு வசனம். தரம் 4, 5இல் ஒரு பக்கம், ஒரு அட்டவணை, யாரிடம் கேட்டது, எதில் வாசித்தது என்று அடியில் இரண்டு வரி. அதற்கு மேல் கேட்டால் நீங்கள்தான் எழுத வேண்டிவரும்.

புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதே என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. தரம் 5 தொடங்கினால் பின்னேரமும் சனி ஞாயிறும் வினாத்தாளுக்குப் போய்விடும், அதோடு நான் சண்டை பிடித்துப் பயனில்லை. தரம் 3, 4இல் இதைத் தொடங்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை. உங்கள் மகனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. பந்தியை வாசித்துச் சாரத்தைச் சொல்லப் பழகிய பிள்ளை வினாவையும் நிதானமாக வாசிக்கும்.

இதைப் பார்க்கும் ரீச்சர்மாருக்கு ஒரு வார்த்தை. முப்பத்தைந்து பிள்ளைகளோடு முடியாது என்பீர்கள். தனித்தனியாக முடியாதுதான். நாலு நாலு பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு கேள்வி கொடுங்கள். திருநெல்வேலிச் சந்தையில் சின்ன வெங்காயம் இந்த மாதம் கிழமைக்குக் கிழமை என்ன விலை? பாடசாலை வேம்புக்கு எந்தெந்தப் பறவை எத்தனை மணிக்கு வருகிறது? சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம் இதற்கென்றே இருக்கிறது, அந்த நேரத்தில் பார்த்துவிட்டு, தமிழ்ப் பாட நேரத்தில் எழுதலாம். எழுதியதைச் சுவரில் ஒட்ட முன்னர், தகவல் சொன்னவருக்கு ஒரு தரம் வாசித்துக் காட்டச் செய்யுங்கள். சந்தை வியாபாரி "நான் அப்பிடிச் சொல்லேல்லை தம்பி" என்று திருத்தினால், அந்தத் திருத்தத்துக்கு உங்கள் சிவப்புப் பேனையைவிட மதிப்பு அதிகம்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று. இதையெல்லாம் வீட்டில் செய்தாலும், ரீச்சர் "பனை" என்றுதான் தலைப்புத் தருவார், அப்போது என்ன செய்வது? தலைப்பை அப்படியே மேலே எழுதுங்கள். அதற்குக் கீழே மகனுடைய சின்னக் கேள்வியை உபதலைப்பாகப் போடுங்கள். கொடுக்கும் அன்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "ரீச்சர், இந்த முறை இவன் தானாகப் பார்த்து எழுதினவன், எழுத்துப்பிழை கிடக்கும், நான் திருத்தேல்லை." எந்த ரீச்சரும் கோபிக்க மாட்டார். ஒரே பந்தியை முப்பத்தைந்து கொப்பிகளில் திருத்திக் களைத்தவர் அவர்.